குருதியில் ஓடும் கொழுப்பு

மாந்தர் உடம்பினுள் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு இதயம் ஆகும். அவரவர் கைப்பிடி அளவே உடைய அச்சிறு தசைப்பை, ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை சுருங்கி விரிகின்றது. கண் உறங்கும்; கைகால்கள் களைத்து ஓயும்; இதயமோ தாய் வயிற்றில் தொடங்கிய தன் தொழிலை இறுதி மூச்சு வரையில் நிறுத்துவதில்லை. உடம்பின் பிற உறுப்புகளுக்கெல்லாம் குருதியை ஊட்டும் இதயத்திற்கும் உணவு வேண்டும். ஆயின், தன் அறைகளில் நிரம்பியோடும் குருதியிலிருந்து அவ்வுணவை அது நேரே பெற்றுக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியினின்றும் பிரியும் இரண்டு சிறு தமனிகள், பல கிளைகளாகப் பிரிந்து இதயத்தின் மேற்புறத்தைச் சூழ்ந்து, அதன் தசைக்கு வேண்டும் குருதியைக் கொண்டு சேர்க்கின்றன. வைக்கோல் தண்டின் பருமனே உடைய இத்தமனிகளை நம்பியே மனிதனின் உயிர் நிற்கின்றது. இவற்றுள் ஒன்று முற்றும் அடைபடின், அஃது ஊட்டிவந்த தசைப்பகுதி சில மணி நேரத்திற்குள் மடிந்துபோகும். இதனையே மாரடைப்பு என்பர்.

இன்று உலகில் மக்களை மாய்க்கும் நோய்களுள் இதயத்தையும் குருதிக்குழாய்களையும் பற்றும் நோய்களே முதலிடம் பெறுகின்றன. அந்நோய்களுக்குரிய காரணங்களுள் தலையாய ஒன்று கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப்பொருள் ஆகும். இச்சொல் இக்காலத்தில் வீடுதோறும் வழங்குகின்றது. எனினும், அதன் இயல்பை உள்ளவாறு உணர்ந்தோர் சிலரே. அதனை முற்றிலும் நஞ்சென்று அஞ்சுவோர் உளர். முதியோர்க்குரிய கவலை என்று ஒதுக்குவோரும் உளர். இவ்விருவகைக் கருத்தும் பிழையுடையனவே. அவை பிழையாமாறு எங்ஙனம் என்பதனை முறையே காண்போம்.

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள். பித்தப்பையில் உண்டாகும் கற்களில் இப்பொருள் இருத்தலைப் பிரெஞ்சு நாட்டார் 18ஆம் நூற்றாண்டில் கண்டனர். 1815ஆம் ஆண்டளவில் செவ்ருல் என்னும் வேதியியல் அறிஞர் இதற்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கொலே' என்பது பித்தம். 'ஸ்டிரியோஸ்' என்பது திண்மை. எனவே, திண்ணிய பித்தப்பொருள் என்பதே இப்பெயரின் பொருளாயிற்று.

இப்பொருள் உடம்பிற்குப் பகையன்று; இன்றியமையாத துணையே ஆகும். உடம்பில் உள்ள கோடிக்கணக்கான உயிரணுக்கள் ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அச்சவ்விற்கு உறுதியையும் நெகிழ்ச்சியையும் அளவாகத் தருவது கொலஸ்டிரால். உண்ட கொழுப்பைச் செரிக்கச் செய்யும் பித்தநீர் இதிலிருந்தே ஆக்கப்படுகின்றது. உடலின் வளர்ச்சியையும் பருவ மாற்றங்களையும் ஆளும் சுரப்புநீர்கள் சிலவற்றிற்கும் இதுவே மூலப்பொருள். தோலின்மேல் வெயில் படும்பொழுது வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்து உண்டாவதும் இதன் இனப்பொருள் ஒன்றிலிருந்தே. இத்துணைச் சிறப்புடைய பொருளை உணவின் வரவை மட்டும் நம்பி உடம்பு வாளாவிருப்பதில்லை. வேண்டும் கொலஸ்டிராலின் பெரும்பகுதியை உடம்பு தானே ஆக்கிக்கொள்கின்றது. இத்தொழிலில் கல்லீரல் தலைமை தாங்குகின்றது. முட்டையும் இறைச்சியும் ஒருபோதும் உண்ணாத மரக்கறி உணவினரின் குருதியிலும் கொலஸ்டிரால் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி, இப்பொருள் குருதியில் செல்லும் முறையைக் காண்போம். குருதியில் பெரும்பகுதி நீர். நீரும் எண்ணெயும் தம்முள் கலவா என்பது யாவரும் அறிந்ததே. மெழுகனைய கொலஸ்டிரால் நீரனைய குருதியில் தனித்துச் செல்ல இயலாது. ஆகவே, அதனை ஏற்றிச் செல்லுதற்கு உடம்பு சிறு கலங்களை அமைத்துள்ளது. புரதமும் கொழுப்பும் சேர்ந்து அமைந்தமையால் அவை கொழுப்புப்புரதங்கள் எனப்படும். உள்ளே கொழுப்பு மறைந்திருக்க, வெளியே நீருக்கு இணங்கும் மேற்பரப்பு அமைந்திருத்தலின், அக்கலங்கள் குருதியாற்றில் இடரின்றி மிதந்து செல்கின்றன.

இக்கலங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. கொழுப்பு நீரினும் இலேசானது. புரதம் அதனினும் அடர்ந்தது. ஆதலின், கொழுப்பு மிகுந்த கலம் அடர்த்தி குறைந்ததாகவும், புரதம் மிகுந்த கலம் அடர்த்தி மிகுந்ததாகவும் இருக்கும். தயிரைக் கடைந்தால் இலேசான வெண்ணெய் மேலே திரளும் அன்றோ? அதுபோலக் குருதிநீரை மிகுவிரைவில் சுழற்றினால் இக்கலங்கள் தத்தம் அடர்த்திக்கேற்பப் பிரிந்து நிற்கும். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜான் காப்மன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய பொறியைக் கொண்டு கொழுப்புப்புரதங்களைப் பிரித்து ஆராய்ந்து, அவற்றிற்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

கல்லீரல், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை மிகுதியாகவும் கொலஸ்டிராலை ஓரளவும் ஏற்றி, மிகவும் அடர்த்தி குறைந்த கலங்களைக் குருதியில் விடுகின்றது. அவை செல்லும் வழியில் தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் டிரைகிளிசரைடை இறக்கிக்கொண்டே செல்லும். அச்சுமை குறையக் குறைய, எஞ்சிய கலத்தில் கொலஸ்டிராலே விஞ்சி நிற்கும். அதுவே அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் ஆகும். மருத்துவர் இதனை எல்.டி.எல். என வழங்குவர். உடம்பின் பல பகுதிகளுக்கும் கொலஸ்டிராலைக் கொண்டு கொடுப்பது இதன் தொழில். மற்றொன்று அடர்த்தி மிகுந்த கொழுப்புப்புரதம், இதனை எச்.டி.எல். என்பர். திசுக்களிலும் குழாய்ச்சுவர்களிலும் தங்கிய மிகுதிக் கொலஸ்டிராலைத் திரட்டிக் கல்லீரலுக்கு மீட்டுக் கொண்டுவருவது இதன் தொழில். கல்லீரல் அதனைப் பித்தத்தின் வழியாக வெளியேற்றும்.

மக்கள் முன்னதைத் 'தீய கொலஸ்டிரால்' என்றும், பின்னதை 'நல்ல கொலஸ்டிரால்' என்றும் கூறுவர். இவ்வழக்கு எளிதாயினும், இதன்கண் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. கொலஸ்டிரால் என்னும் பொருள் ஒன்றே. அதில் நன்று தீது என்னும் வேறுபாடு இல்லை. நெல்லைக் களத்திலிருந்து ஏற்றிச் செல்லும் வண்டியும் மிகுந்த நெல்லைக் களஞ்சியத்திற்குத் திருப்பிக் கொணரும் வண்டியும் வேறு வேறாயினும், நெல் ஒன்றே அன்றோ? அதுபோல, வேறுபாடு சுமக்கும் கலத்திலேயே உள்ளது. அக்கலங்களிலும் எல்.டி.எல். தன்னளவில் தீயதன்று, அளவு கடந்து பெருகும்போதே கேடு விளைக்கின்றது.

அக்கேடு விளையும் முறை யாது? வாய்க்காலில் வண்டல் படிவது போலக் குழாயின் உட்புறத்தில் கொழுப்புப் படிந்து அடைத்துவிடும் என்று பலர் எண்ணுவர். உண்மை அஃதன்று. குருதியில் எல்.டி.எல். பெருகினால், அது தமனியின் உட்படலத்தைக் கடந்து சுவரினுள்ளே புகுந்து தங்குகின்றது. உயர்ந்த குருதியழுத்தம், புகையிலையின் நஞ்சு, நீரிழிவு ஆகியன அப்படலத்தைப் பழுதுபடுத்தி, அதன் நுழைவை எளிதாக்குகின்றன. உள்ளே தங்கிய கொழுப்பு கெட்டு மாறுகின்றது. அதனை அகற்றும் பொருட்டு வரும் வெள்ளணுக்கள் கொழுப்பையே மிகுதியாக உண்டு, நுரைபோல் பருத்து, அங்கேயே மடிகின்றன. இங்ஙனம் ஆண்டுதோறும் சேர்ந்த குவியலின்மேல் நார்த்தசை மூடிபோல் வளர்கின்றது. இதுவே கொழுப்புப் படிவு எனப்படும்.

இதனை வாய்க்கால் வண்டலோடு ஒப்பிடுவதினும், ஏரிக்கரையினுள் தோன்றும் எலிவளையோடு ஒப்பிடுதல் பொருந்தும். வளை தோண்டப்படும்போது கரையின் மேல் ஒன்றும் தோன்றாது. நீரும் வழக்கம்போல் நிற்கும். ஒரு நாள் கரை உடைந்தபொழுதே ஊரார் அறிவர். அவ்வாறே தமனியின் சுவரில் உள்ள படிவு பல்லாண்டுகள் எவ்வகை நோவும் தராமல் இருக்கக்கூடும். ஒரு நாள் அதன் மெல்லிய மூடி கிழிந்தால், உள்ளிருக்கும் கொழுப்பு குருதியோடு படும். உடனே அவ்விடத்தில் குருதி உறைந்து கட்டியாகித் தமனியை அடைக்கும். காலையில் நலமாக உலவிய ஒருவர் மாலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதன் காரணம் இதுவே. அந்நோய் அன்று தோன்றியதன்று; அன்று வெளிப்பட்டதே ஆகும்.

இந்நோய் இளமையிலேயே வேரூன்றுகின்றது என்பதற்குத் துயரந்தரும் சான்று ஒன்று உண்டு. கொரியப் போரில் உயிர்நீத்த அமெரிக்கப் படைவீரர் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. நோயின் அறிகுறி எதுவும் இன்றிப் போர்க்களம் புகுந்தவர் அவர். எனினும், நான்கில் மூவருக்கு மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் கொழுப்பின் தடங்கள் காணப்பட்டன. முதுமையில் வெளிப்படும் நோய்க்கு விதை இளமையில் விதைக்கப்படுகின்றது என்பதனை உலகம் அன்று உணர்ந்தது. ஆதலின், இதனை முதியோர் கவலை என்று இளையோர் ஒதுக்குதல் தகாது.

கொலஸ்டிராலுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு ஒரே நாளில் துணியப்பட்டதன்று. 1913ஆம் ஆண்டில் உருசிய நாட்டு அறிஞர் அனிச்கோவ், கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிகளில் மனிதர்க்கு உண்டாவது போன்ற படிவுகள் தோன்றின. முயல் தழையுண்ணி, அதற்கு நேர்ந்தது மனிதர்க்கும் நேருமோ என்று பலர் ஐயுற்றனர். எலிக்கும் நாய்க்கும் அங்ஙனம் ஊட்டியபோது படிவு எளிதில் தோன்றாமையும் அவ்வையத்தை வளர்த்தது. பின்னர், 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிராமிங்காம் என்னும் ஊரில் ஒரு பேராய்வு தொடங்கப்பெற்றது. அவ்வூரின் ஆடவரும் பெண்டிருமாகிய 5,209 பேரை மருத்துவர்கள் ஆண்டாண்டாகத் தொடர்ந்து நோக்கினர். குருதியில் கொலஸ்டிராலும், குருதியழுத்தமும் மிகுந்தோர்க்கும், புகைபிடிப்போர்க்கும் இதயநோய் மிகுதியாக வருதல் அதனால் வெளிப்பட்டது.

எல்.டி.எல். ஏன் சிலருக்கு அளவின்றிப் பெருகுகின்றது என்னும் வினாவிற்கு விடை கண்டவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டைன் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரு குறைபாட்டைப் பெற்றுப் பிறக்கும் குழந்தைகள் சிலர், பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பிற்கு ஆளாவதுண்டு. அவர்தம் குருதியில் கொலஸ்டிரால் இயல்பினும் பல மடங்கு மிகுந்திருக்கும். அவ்வறிஞர்கள் இத்தகையோரின் உயிரணுக்களை ஆராய்ந்தனர். எல்.டி.எல். கலத்தைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் உயிரணுக்களின் மேற்பரப்பில் உண்டென்றும், அவை கல்லீரலில் மிகுதியாக இருந்து குருதியைத் தூய்மை செய்கின்றன என்றும், அக்குழந்தைகளிடம் அவை இல்லை அல்லது பழுதுற்றன என்றும் நிறுவினர். கலம் கரைக்கு வந்தும் கட்டுதற்குத் துறை இல்லாமையே நோயின் மூலம் என்பது புலனாயிற்று. 1985ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

அவர் கண்டது மெய்யென்பதற்கு ஒரு சிறுமியின் வாழ்வும் சான்றாயிற்று. மேற்கூறிய குறைபாட்டுடன் பிறந்த 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, 1984ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் அமெரிக்காவில், இதயத்தையும் கல்லீரலையும் ஒருங்கே மாற்றி அமைத்தனர். அவ்விரண்டையும் ஒருவருக்கு ஒருசேர மாற்றியது உலகில் அதுவே முதன்முறை. நோயுற்ற இதயத்தை மாற்றியதன் காரணம் எளிதில் விளங்கும். கல்லீரலை ஏன் மாற்றினர்? ஏற்பிகள் உடைய கல்லீரலன்றிப் புதிய இதயமும் பழையதன் வழியே செல்லும் என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர். 1,000 மில்லிகிராமைக் கடந்திருந்த அச்சிறுமியின் கொலஸ்டிரால், புதிய கல்லீரலால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அவள் பள்ளி சென்றாள். ஏனைய சிறாரோடு ஆடினாள். 1990ஆம் ஆண்டில், தன் 13ஆம் வயதில் மறைந்தாள். அவள் பெற்ற சில ஆண்டுகள், அறிவு மனிதர்க்கு ஈட்டித் தந்த ஆண்டுகள் ஆகும்.

இக்குறைபாட்டைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் 250 அல்லது 300 பேருக்கு ஒருவராக உலகெங்கும் உளர். ஒரு குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு நேர்ந்திருப்பின், அக்குடும்பத்தினர் சிறார் உள்ளிட்ட யாவரும் குருதியைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும் என்று மருத்துவர் கூறுவது இதுபற்றியே.

நோயின் மூலம் கண்டபின் மருந்தும் கிட்டியது. சப்பான் நாட்டில் உழவர் குடியிற் பிறந்த அகிரா எண்டோ என்னும் அறிஞர், கொலஸ்டிரால் ஆக்கத்தைத் தடுக்கும் பொருளைத் தேடி ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். 1973ஆம் ஆண்டில், அரிசியிற் படர்ந்த நீலப்பூசணம் ஒன்றில் அத்தகைய பொருளைக் கண்டார். அதன் வழிவந்த மருந்துகளே ஸ்டாட்டின்கள். கல்லீரல் கொலஸ்டிராலை ஆக்குவதை இவை குறைக்கும். குறைவை நிரப்பக் கல்லீரல் மேலும் பல ஏற்பிகளை ஆக்கிக் குருதியிலுள்ள எல்.டி.எல். கலங்களை ஈர்க்கும். இதயநோயுற்ற 4,444 பேரைக் கொண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பெற்று, 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இம்மருந்து உண்டோரிடையே இறப்பு நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருத்தல் கண்டனர். எனினும், இம்மருந்தை மருத்துவர் கூறியவாறே உண்ணல் வேண்டும். தாமே தொடங்குதலும் தாமே நிறுத்துதலும் ஆகா.

எச்.டி.எல். நல்லதெனின், அதனை மருந்தால் பெருக்கினால் நோய் நீங்காதோ என ஒருவர் வினவலாம். அறிஞரும் அவ்வாறே எண்ணினர். எச்.டி.எல்.லைப் பெருக்கும் மருந்து ஒன்றைப் பல்லாயிரவர்க்குக் கொடுத்துச் சோதித்தனர். எச்.டி.எல். பெருகியது, ஆயினும், இறப்புக் குறையவில்லை, மிகுந்தது. 2006ஆம் ஆண்டில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. எனவே, எச்.டி.எல். மிகுந்திருத்தல் நல்வாழ்வின் அடையாளமே அன்றி, அதனை மட்டும் செயற்கையாகப் பெருக்குதல் காப்பாகாது. எல்.டி.எல்.லைக் குறைத்தலே துணிந்த வழி.

குருதியின் கொலஸ்டிராலை 100 மில்லிலிட்டருக்கு இத்துணை மில்லிகிராம் என அளப்பர். வளர்ந்தோர்க்கு மொத்தக் கொலஸ்டிரால் 200க்குக் கீழும், எல்.டி.எல். 100க்குக் கீழும், டிரைகிளிசரைடு 150க்குக் கீழும் இருத்தல் நன்று. எச்.டி.எல். ஆடவர்க்கு 40க்கும், பெண்டிர்க்கு 50க்கும் குறையாதிருத்தல் வேண்டும். முன்பே இதயநோய் உற்றவர்க்கு எல்.டி.எல். 70க்கும் கீழே இருத்தல் வேண்டும் என்பர்.

இனி உணவைப் பற்றிச் சில கூறுவோம். எண்ணெய்க் கலன்களின் மேல் 'கொலஸ்டிரால் அற்றது' என அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது பொய்யன்று, ஆயினும் சிறப்புமன்று. தாவர எண்ணெய் எதிலும் கருதத்தக்க அளவில் கொலஸ்டிரால் இல்லை. நோக்கத்தக்கது அதிலுள்ள கொழுப்பின் தன்மையே. நெய், வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி, பனையெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. இஃது எல்.டி.எல்.லை உயர்த்தும். நல்லெண்ணெய், கடலையெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் முதலியவற்றில் அது குறைவு. எல்லாவற்றினும் தீயது வனஸ்பதி முதலியவற்றில் தோன்றும் மாறுபக்கக் கொழுப்பு. அஃது எல்.டி.எல்.லை உயர்த்துவதோடு எச்.டி.எல்.லைக் குறைக்கவும் செய்யும். ஆதலின், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது நூற்றுக்கு 2 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2022ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. பயன்படுத்திய எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பண்டம் பொரித்தலும் தீதே.

கொள்ளு, பயறு, அவரை, கீரை, காய்கனி, தீட்டாத தானியம் ஆகியவற்றை நாளும் உண்ணுதல் நன்று. இவற்றிலுள்ள கரையும் நார்ப்பொருள் குடலில் பித்தத்தைப் பற்றி வெளியேற்றுகின்றது. இழந்த பித்தத்தை மீண்டும் ஆக்குதற்குக் கல்லீரல் குருதியிலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ளும். இங்ஙனம் எளிய பயற்றங்குழம்பும் ஓரளவு மருந்தாகின்றது.

உணவு மட்டும் போதாது. 52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, மாரடைப்பிற்குரிய காரணங்களின் பெரும்பகுதி மனிதன் மாற்றத்தக்கனவே என்று காட்டியது. புகைபிடித்தல், கொழுப்பு மிகுதி, குருதியழுத்தம், நீரிழிவு, வயிறு பருத்தல், மனவழுத்தம், காய்கனி உண்ணாமை, உழைப்பின்மை ஆகியன அவற்றுள் அடங்கும். தென்னாசிய மக்கள் ஏனையோரினும் இளவயதிலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பதும் தெரியவந்தது. ஆதலின், நம் நாட்டு இளைஞர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். வளரும் சிறார் நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் ஓடியாடுதல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. புகையிலையைத் தீண்டாதிருத்தல் எவ்வகை மருந்தினும் மலிவான காப்பாகும்.

மாரடைப்பின் அறிகுறிகளையும் யாவரும் அறிந்திருத்தல் நலம். மார்பின் நடுவில் பாரம் வைத்தாற்போல் அழுத்தும் நோவு, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன அவை. பெண்டிர்க்கும் நீரிழிவு உடையோர்க்கும் மார்புநோவின்றியும் இஃது உண்டாகலாம். வாயு என்று கருதிக் கைம்மருந்து தேடிக் காலத்தைக் கழித்தல் கேடு. உடனே 108 என்னும் எண்ணுக்கு அழைத்து மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். காலம் கடக்குந்தோறும் தசை மடிகின்றது. மடிந்த தசை மீண்டும் தளிர்ப்பதில்லை.

கரையைக் காக்கும் உழவன் வெள்ளம் வந்தபின் மண்வெட்டி தேடுவதில்லை. கோடையிலேயே கரையைச் சுற்றி வந்து, வளை கண்ட இடத்தை அடைத்துவிடுகின்றான். இளமை அத்தகைய கோடைக்காலம். அக்காலத்தில் நல்லுணவும் உழைப்பும் தீப்பழக்கமின்மையும் கைக்கொண்டவர், தம் இதயத்தின் கரையைத் தாமே காத்தவர் ஆவர்.